சாமிக்குப் பெண் பாகம் உண்டா? அம்மாளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஞாயிறு அறநெறி வகுப்பு எடுக்கிற எவருக்கும் இந்தக் கேள்விகள் புதிதல்ல. பிள்ளைகள் ஒரு விதமாகக் கேட்பார்கள். வகுப்பு விடும்வரை வாசலில் நிற்கும் தாய்மார் இன்னொரு விதமாகக் கேட்பார்கள். சைவமும் வேதமும் (கிறித்தவமும்) கலந்த வீடுகளில் இருந்து வேறு விதமாக வரும். வாய்ச்சொல்லாகச் சொல்லி வந்ததை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். நான் சைவத்தில் நின்று எழுதுகிறேன். மற்றச் சமயங்களைப் பற்றிக் கேட்ட இடங்களில் அவரவர் சமயம் சொல்வதையே சொல்லியிருக்கிறேன்.

கடவுள் ஆணா, பெண்ணா?

இரண்டும் இல்லை. ஆண், பெண் எல்லாம் உடம்புக்கு. பரம்பொருளுக்கு எங்களைப் போல உடம்பு கிடையாது. சிவன் என்றும் அம்மாள் என்றும் கும்பிடுவது, நாங்கள் கிட்டப் போவதற்காக அது எடுத்துக் காட்டிய கோலங்களை. மாணிக்கவாசகர் ஒரே மூச்சில் 'அம்மையே அப்பா' என்று கூப்பிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

அப்படியென்றால் அம்மாள் சிவனுடைய மனைவிதானே?

புராணத்தில் மனைவிதான். இமவான் மகளாகப் பிறந்தாள், தவம் இருந்தாள், சிவனைக் கைப்பிடித்தாள். கோயில்களில் திருக்கல்யாணமும் செய்கிறோம். ஆனால் சைவ சித்தாந்தம் கதையோடு நிற்கவில்லை. சக்தி என்பவள் சிவத்தின் அருள். நெருப்பில் இருந்து சூட்டைப் பிரித்து எடுக்க முடியாது அல்லவா, அப்படித்தான் இதுவும். சிவம் இல்லாமல் சக்தி இல்லை, சக்தி இல்லாமல் சிவமும் இல்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அருணந்தி சிவாசாரியார் எழுதி வைத்துவிட்டார். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்து தொழிலும் அவளாலேயே நடக்கின்றன. எங்கள் வினையும் மலமும் (உயிரைப் பற்றிய அறியாமை அழுக்கு) பழுக்கும்வரை உண்மையை மறைத்து வைப்பவளும் அவள்தான், பழுத்தபின் திரையை விலக்குகிறவளும் அவள்தான்.

ஆகவே அம்மாளைச் சிவனுக்குப் பக்கத்தில் வைத்த துணை என்று மட்டும் நினைப்பவர்கள் பாதிச் சைவத்தைத்தான் படித்திருக்கிறார்கள். சாக்தர் இதற்கும் ஒரு படி மேலே போய், அவளே முழுமுதல், மற்றத் தெய்வங்கள் அவளிடம் இருந்து வந்தவை என்பார்கள். தேவி மகாத்மியம் அந்த வழி நூல். 13 அத்தியாயம், 700 மந்திரம், நவராத்திரியில் பாராயணம் செய்வது. வைணவத்தில் திருமகள்தான் தாயார். அடியவன் குற்றத்தைப் பெருமாளிடம் சொல்லிப் பொறுக்க வைப்பவள் அவள்.

தனியே அம்மாளை மட்டும் கும்பிடலாமா?

தாராளமாக. அவளைக் கும்பிட்டால் சிவனையும் கும்பிட்டதாயிற்று. மறுபக்கமும் அப்படியே.

இது பிற்காலத்தில் வந்த நம்பிக்கையா?

இல்லை, தமிழ் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது என்று சொன்னாலும் தவறாகாது. தொல்காப்பியத்திலேயே கொற்றவை நிலை என்று ஒரு துறை இருக்கிறது. போருக்குப் போகிறவர்கள் கொற்றவையைப் பரவுவது அது. ஐங்குறுநூற்றின் கடவுள் வாழ்த்து, நீல மேனியாளைத் தன் ஒரு பாகத்தில் கொண்ட ஒருவனுடைய திருவடி நிழலில் மூவுலகும் தோன்றின என்கிறது. உலகம் தோன்றியதைச் சொல்லும் இடத்திலேயே அவள் அங்கே இருக்கிறாள்.

7ஆம் நூற்றாண்டில் சீர்காழிக் குளக்கரையில் சம்பந்தப் பிள்ளை அழுதபோது பால் கொடுத்தவள் உமை. பால் தந்தது யார் என்று தகப்பன் அதட்டிக் கேட்க, பிள்ளை பாடத் தொடங்கியது 'தோடுடைய செவியன்' என்று. தோடு பெண் அணிவது. அது தெரிவது இறைவனின் இடக் காதில். முதல் தேவாரத்தின் முதல் சொல்லே அம்மாளின் காதணி. இந்தப் பதிகத்தைப் பாடாத சைவப் பிள்ளை கொழும்பில் இல்லை. அந்தத் தோடு யாருடையது என்று சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறை பாடும்போது பிள்ளையின் முகமே வேறு.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தேசிய நூதனசாலைக்குப் போங்கள். பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள் அங்கே இருக்கின்றன. நடராசரைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். உமையின் சிலைக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பு ஒரு பக்கம் லேசாக ஒசிந்து, ஒரு கை பூப் பிடிக்கும் பாவனையில் உயர்ந்தும் மற்றக் கை தளர்ந்து தொங்கியும் இருக்கும். பூ இப்போது இல்லை. பூசை நடந்த காலத்தில் நாளாந்தம் புதுப்பூ வைத்திருப்பார்கள்.

சிவன் பாதி, அம்மாள் பாதி என்ற உருவம் எப்படி வந்தது?

பிருங்கி முனிவர் கதையைத்தான் கேட்கிறீர்கள். பிருங்கி சிவனைத் தவிர யாரையும் கும்பிட மாட்டார். கைலாயத்தில் இருவரும் ஒன்றாக இருக்க, எல்லோரும் இருவரையும் சுற்றி வந்து கும்பிட, அவர் மட்டும் வண்டாக உருவெடுத்து நடுவால் புகுந்து சிவனை மட்டும் சுற்றினார். அம்மாள் அதிகம் பேசவில்லை. உன் உடம்பில் இருக்கிற என் பங்கைத் தா என்றாள். தசையும் இரத்தமும் போய், எலும்பும் தோலுமாக நிற்க முடியாமல் விழப் பார்த்தார் முனிவர். சிவன் மூன்றாவது காலாக ஒரு தடி கொடுத்தார்.

சக்தியை ஒதுக்கிவிட்டுச் சாமியைப் பிடிக்கப் பார்த்தவருக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லை. கதையின் கரு அதுதான். ஆனால் கதை இதோடு முடியவில்லை. ஒதுக்கப்பட்ட மனவருத்தத்தோடு அம்மாள் பூமிக்கு வந்து, கௌதம முனிவரின் ஆச்சிரமத்தில் இருந்து 21 நாள் விரதம் பிடித்தாள். சிவன் வந்து தன் இடப்பாகத்தைக் கொடுத்தார். அர்த்தநாரீசுவரர் என்று நாங்கள் கும்பிடும் வடிவம் அதுதான். அவள் பிடித்த விரதமே கேதார கௌரி விரதம்.

கேதார கௌரி விரதத்தைக் கொழும்பில் எப்படிப் பிடிக்கிறார்கள்?

புரட்டாதியில் வளர்பிறைத் தசமி, அதாவது விசயதசமி அன்று தொடங்கி, ஐப்பசி அமாவாசையில் முடியும். கணக்குப் பார்த்தால் 21 நாள். தீபாவளியை ஒட்டி முடிவதால் கடைசி நாளில் கோயில்களில் கால் வைக்க இடம் இருக்காது.

ஒருநேரச் சாப்பாட்டோடு இருப்பவர்கள், பால் பழத்தோடு இருப்பவர்கள், கடைசி நாள் மட்டும் முழு உபவாசம் இருப்பவர்கள் என்று அவரவர் உடம்புக்கு ஏற்றபடி பிடிக்கிறார்கள். வேலை முடிந்து அலுவலக உடுப்போடேயே கோயிலுக்கு ஓடி வரும் பெண்களைப் பின்னேரப் பூசையில் நிறையப் பார்க்கலாம். விரதக் கதையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் இருந்து கேட்பார்கள். நிறைவு நாளில் ஐயர் காப்பு கட்டுவார். 21 இழை நூல், 21 முடிச்சு. பெண்களுக்கு இடக் கையிலும் ஆண்களுக்கு வலக் கையிலும் கட்டுவது வழக்கம். போன வருசக் காப்பை அவிழ்த்து ஓடும் நீரிலோ கடலிலோ விடுவார்கள். வெள்ளவத்தைக்காரருக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நூலை மட்டும் விடுங்கள். பொலித்தீன் பையோடு எறிவது அம்மாளுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

சலரோகத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், ஊசி போடுபவர்கள், பிள்ளைத்தாச்சிகள் வைத்தியரைக் கேட்காமல் உபவாசம் இருக்க வேண்டாம். பட்டினி குறைந்ததால் விரதப் பலன் குறைந்துவிடாது.

ஆண்கள் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். பிடிக்கிறார்கள்.

புருசன் இல்லாதவர்கள் பிடிக்கக்கூடாது என்று மாமி சொல்கிறா. உண்மையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு யாராலும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. வரலட்சுமி நோன்பு, கௌரி விரதம் இரண்டையும் சுமங்கலிகளின் விரதமாக மட்டும் பார்க்கும் வீடுகள் உண்டு. மஞ்சள், குங்குமம் கொடுக்கும்போது புருசன் இல்லாதவர்களைத் தாண்டிப் போவதும் உண்டு. முப்பது வருடப் போரில் எத்தனையோ பெண்கள் புருசனை இழந்து, அல்லது இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல், பிள்ளைகளைத் தனியே வளர்த்தார்கள். அவர்களில் பலர் கொழும்பில்தான் இருக்கிறார்கள். தாய் ஒருத்தி தன் பிள்ளைகளில் யாரை முதலில் தேடுவாள்? அடிபட்டு வந்தவளைத்தான்.

விரதக் கதையின் உள்ளே போனாலும் இதுதான் கிடைக்கும். அம்மாள் விரதம் பிடித்தது எல்லாம் கூடி வந்த நேரத்தில் அல்ல. ஒதுக்கப்பட்டுப் பிரிந்து தனியே நின்றபோது. ஒதுக்கப்பட்ட ஒருத்தி தொடங்கிய விரதத்தில் இன்னொருத்தியை ஒதுக்கச் சொல்லும் நியாயம் எனக்குப் புரியவில்லை. பிடியுங்கள். ஐயரிடம் தயங்காமல் காப்புக் கேளுங்கள். ஒரு கோயிலில் முகம் சுளித்தால் அடுத்த கோயில் இருக்கிறது, அதுவும் இல்லையென்றால் வீட்டுச் சாமியறையில் வைத்து மகளோ மகனோ கட்டிவிடட்டும்.

மாதவிலக்கு நாட்களில் அம்மாள் கோயிலுக்குப் போகலாமா?

எங்கள் ஊர்க் கோயில்களில் போவதில்லை. அது நடைமுறை, மற்றவர்கள் மனம் நோகாமல் நடப்பது என்ற அளவில் நானும் அதை மீறச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாளுக்கு அது பிடிக்காது, சாமி குற்றம் வரும் என்று பெண்பிள்ளைகளைப் பயமுறுத்துவதை ஏற்க முடியாது.

ஆடிப்பூரம் என்ன நாள் என்று யோசித்துப் பாருங்கள். அம்பாள் ருதுவான நாள் என்று சொல்லித்தான் அன்று அபிசேகமும் வளையல் சாத்துவதும் பால்குடமும் செய்கிறோம். அசாமில் காமாக்கியா கோயிலில் வருடம் ஒருமுறை தேவிக்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்தி, திறந்தபின் சிவப்புத் துணியையே பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். கேரளத்தில் செங்கன்னூர் பகவதிக்கும் திருப்பூத்து என்று ஆராட்டு (நீராட்டு விழா) நடக்கிறது. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பீடத்தில் பெண்களே பூசை செய்கிறார்கள், எந்த நாளும் தடையில்லை. தெய்வத்துக்கு வந்தால் திருவிழா, மகளுக்கு வந்தால் மூலையில் இரு என்பது எப்படிப் பொருந்தும்?

வீட்டில் தேவாரம் படிக்க, அந்தாதி சொல்ல, மனதால் கும்பிட எந்த நாளிலும் தடை வேண்டாம். வயிற்று நோவோடு படுத்திருக்கிற பிள்ளையிடம் போய்ச் சாமியறைப் பக்கம் வராதே என்று அதட்ட வேண்டாம். முதல் முறை அதட்டு வாங்கிய பிள்ளைக்கு அம்மாள் என்றாலே அந்த அதட்டுத்தான் நினைவுக்கு வரும்.

காளி ஏன் அவ்வளவு பயங்கரம்? அவளிடம் சாபம் போடலாமா?

பிள்ளையை ஒருவன் அடிக்க வந்தால் தாயின் முகம் எப்படி மாறும்? அந்த முகம்தான் காளி. அசுரனுக்குத்தான் அது பயங்கரம். முகத்துவாரம் காளி கோயிலில் தமிழரோடு சிங்களச் சனமும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். களவு போனது, காசு ஏமாந்தது, வழக்கு இழுபடுவது என்று நீதிமன்றத்தில் கிடைக்காததைக் கேட்டு வருகிறவர்கள் அநேகம். தேங்காயை ஓங்கி அடித்து முறையிடுவதும் நடக்கிறது.

முறையிடுவது வேறு, இன்னார் நாசமாகப் போகட்டும் என்று கேட்பது வேறு. நியாயத்தைக் கேளுங்கள், தண்டனையை அவளிடம் விட்டுவிடுங்கள். கழிப்புக் கழிக்க இவ்வளவு ஆயிரம், செய்வினை எடுக்க இவ்வளவு ஆயிரம் என்று வெளியில் கேட்கிறவர்களிடம் அகப்பட வேண்டாம். அம்மாளுக்கு ஒரு செவ்வரத்தம் பூ போதும்.

அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வந்தால் மருந்து எடுக்கக்கூடாதா?

எடுக்க வேண்டும். பெரியம்மை உலகத்தில் இருந்தே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அது தடுப்பூசியால் ஒழிந்தது. இப்போது வருவது பெரும்பாலும் கொப்பளிப்பான் (சின்னம்மை). பிள்ளைகளுக்கு அது ஓரளவு இலகுவாகப் போய்விடும். பெரியவர்களுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கடுமையாகலாம். காய்ச்சலுக்கென்று பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம், ஆபத்து.

வாசலில் வேப்பிலை கட்டுங்கள், வீட்டைத் துப்புரவாக வைத்திருங்கள், ஆள் வரத்தைக் குறையுங்கள், குளிர்ச்சியான சாப்பாடு கொடுங்கள், தலைக்குத் தண்ணி வார்த்தபின் மாரியம்மனுக்குப் பொங்குங்கள். இவற்றில் எதுவும் வைத்தியத்துக்கு எதிரானதல்ல. வருத்தக்காரப் பிள்ளையை அம்மாள் வந்து தங்கியிருக்கிறாள் என்று மரியாதையோடு பார்த்த எங்கள் ஆச்சிமாரின் மனதில் பெரிய பரிவு இருந்தது. சிங்கள வீடுகளில் இப்படி நோய் வந்தால் பால் கொடுக்கும் தாய்மார் ஏழு பேரை அழைத்துப் பத்தினித் தெய்வத்தின் பேரில் தானம் கொடுக்கும் வழக்கம் இருந்து வருகிறது. நோவு வந்தால் தாயைத் தேடுவது எல்லோருக்கும் பொது.

கண்ணகியும் சிங்களவர் கும்பிடும் பத்தினியும் ஒன்றா?

ஆம். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் நாட்டிய விழாவுக்கு இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அவனே இங்கே வழிபாட்டைக் கொண்டுவந்தான் என்பது இரு பக்க மரபும். கண்டிப் பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காமத் தேவாலயங்களோடு பத்தினி தேவாலயமும் ஊர்வலம் வரும். கொழும்பில் இருந்து அவிசாவளைப் பக்கம் போகும் பழைய பாதையில் நவகமுவவில் பெரிய பத்தினி தேவாலயம் இருக்கிறது, தமிழரும் போகிறார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் அம்மனைக் குளிர வைக்கும் குளிர்த்தியும் நடக்காத ஊர் குறைவு. முல்லைத்தீவில் வற்றாப்பளைப் பொங்கல் அதே மாதம். யாழ்ப்பாணத்தில் கதை வேறு. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. ஆகம முறை ஓங்கியபோது பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. நாவலர் பெருமானின் தொண்டுக்குத் தலை வணங்குகிறேன். இந்த ஒரு விடயத்தில் மட்டும் கிழக்கு மாகாணத்து ஆச்சிமார் பக்கம்தான் என் மனம் நிற்கிறது. அரசவையில் தனியே நின்று நீதி கேட்ட ஒரு பெண்ணைத் தெய்வமாக்கிய மரபை இழந்திருக்கக்கூடாது.

மாதாவும் அம்மாளும் ஒன்றுதான் என்று சொல்லலாமா?

கும்பிடுகிறவர் மனதில் ஒன்றாக இருக்கலாம். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகும் சைவக் குடும்பங்கள் கொட்டாஞ்சேனையில் எத்தனையோ. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை அப்படிச் சொல்வதில்லை. 431இல் கூடிய எபேசு சங்கம் மரியாளை இறைவனின் தாய் என்று அறிக்கையிட்டது. என்றாலும் அவர் கடவுள் அல்ல. ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்குச் செய்வது வணக்கம். வேதக்கார நண்பரோடு கதைக்கும்போது இந்த வேறுபாட்டை மதியுங்கள்.

கிறித்தவத்தில் கடவுளின் தாய்மையைத் தேடுகிறவர்கள் மாதாவோடு நிற்கத் தேவையில்லை. ஏசாயா 66ஆம் அதிகாரத்தில் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன் என்று கடவுளே சொல்கிறார். முதலாம் யோவான் பவுல் பாப்பரசர் 33 நாள் மட்டுமே பதவியில் இருந்தார். 1978 செப்டெம்பரில், அந்த நாட்களுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடவுள் எங்கள் தந்தை, அதைவிடவும் தாய் என்று பேசினார்.

இஸ்லாத்தில்?

அல்லாஹ்வுக்கு ஆண் பெண் என்ற பேச்சே இல்லை, உருவமும் இல்லை. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையில் வைத்த இரக்கத்தைவிட அல்லாஹ் தன் அடியாரில் வைத்த இரக்கம் பெரிது என்று நபிகள் சொன்ன ஹதீஸ் உண்டு.

இவ்வளவு அம்மன்களைக் கும்பிடுகிற நாங்கள் பெண்களை ஏன் இப்படி நடத்துகிறோம்?

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. சுற்றி வளைக்காமல் ஒத்துக்கொள்கிறேன்: அம்மாளைக் கும்பிட்டால் தானாகப் பெண்களுக்கு மதிப்பு வந்துவிடும் என்பது நடக்கவில்லை. சீதனம் பேசும் வீட்டிலும் வரவேற்பறையில் இலட்சுமி படம் தொங்குகிறது. கோயில் நிர்வாக சபைகளின் பெயர்ப்பலகையை ஒருக்கால் வாசித்துப் பாருங்கள், எத்தனை பெண் பெயர் இருக்கிறது என்று.

நம்பிக்கையை நடத்தையாக்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி 1925இல் பிறந்தவர். ஆசிரியை, சமயச் சொற்பொழிவாளர். தெல்லிப்பளைத் துர்க்கை அம்மன் கோயிலின் நிர்வாகத் தலைமையை ஏற்று 2008இல் மறையும்வரை நடத்தினார். கோயில் வருமானத்தை ஆதரவற்ற பெண்பிள்ளைகள் பக்கம் திருப்பி, துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை எழுப்பினார். போர்க்காலத்தில் அந்தப் பிள்ளைகள் அங்கே சாப்பிட்டுப் படித்து வளர்ந்தார்கள். துர்க்கைக்குத் தேர் இழுப்பதையும் ஒரு பெண்பிள்ளைக்குச் சோறு போடுவதையும் அவர் இரண்டு வேலையாகப் பார்க்கவில்லை. கொழும்புக் கோயில்கள் சிலவற்றின் உபயக் கணக்கைப் பார்க்கும்போது அவரைத்தான் நினைப்பேன்.

பிளாட்டில் நவராத்திரிக் கும்பம் வைக்க முடியுமா?

முடியும், இடம் ஒரு முழம் போதும். தலைவாழை இலையில் நெல் அல்லது பச்சையரிசி பரப்பி, நீர் நிறைத்த செம்பை வைத்து, மாவிலை ஐந்து செருகி, மஞ்சள் பூசிய தேங்காயை முடி மேலே இருக்கும்படி வையுங்கள். முதல் மூன்று நாள் துர்க்கைக்கு, நடு மூன்று இலட்சுமிக்கு, கடைசி மூன்று சரஸ்வதிக்கு. அவல், கடலை, சுண்டல் எது முடியுமோ அது. புகை உணர்கருவி உள்ள கட்டடங்களில் சாம்பிராணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொலு வைத்தால் அழகுதான், கட்டாயம் இல்லை. விசயதசமி காலமை பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்பது தகப்பனாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தாய், ஆச்சி, படிப்பித்த ரீச்சர் யாரும் பிடிக்கலாம்.

கொழும்பில் அம்மாளைக் கும்பிட எங்கே போகலாம்?

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் சிவகாமி அம்மன். பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் முடித்த கருங்கல் திருப்பணி அது. உள்ளே போனால் வெளியே துறைமுகத்து லொறிச் சத்தம் கேட்காது. கொட்டாஞ்சேனையில் முத்துமாரியம்மன், முகத்துவாரத்தில் காளி, வெள்ளவத்தையில் மயூரபதி பத்திரகாளி. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களிலும் ஆடி மாதத்திலும் சனம் அதிகம், ஆறுதலாக நின்று கும்பிட விரும்புகிறவர்கள் வேலைநாள் காலமையில் போங்கள். சிவன் கோயிலுக்குப் போனால் மூலவரைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியேறாமல் அம்பாள் சந்நிதியிலும் நின்றுவிட்டு வாருங்கள். நடை சாத்தும் நேரம் கோயிலுக்குக் கோயில் வேறுபடும், தூரத்தில் இருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே ஒருக்கால் விசாரித்துக்கொள்வது நல்லது.